பேசாத சித்திரமும் பேசும் குழந்தைகளும்

நம் பள்ளிக்கூடங்களின் கால அட்டவணையில் 'நீதி போதனை' என்று ஒரு பாடவேளை உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை வரும். பெரும்பாலும் கணக்கு உபாத்தியாயர் அதைக் கடனாக வாங்கிக்கொள்வார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. தப்பித் தவறி அந்தப் பாடம் நடந்துவிட்டாலும், நடக்கும் விதம் நமக்குத் தெரிந்ததே. ஒரு கதை வாசிக்கப்படும். கதையின் அடியில் 'இதனால் அறியப்படும் நீதி யாதெனில்' என்று ஒரு வரி இருக்கும். மாணாக்கர்கள் கதையை விட்டுவிட்டு அந்த வரியை நெட்டுருப் போடுவார்கள். 'பிறர் பொருளை அபகரிக்கலாகாது' என்ற விடையைப் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதிய பிள்ளைகளும் உண்டு.

விடை அச்சாகிவிட்ட கேள்விக்காகப் பெரியவர்களே தலையைச் சொறிந்துகொள்வதில்லை. குழந்தைகள் ஏன் சொறிந்துகொள்ள வேண்டும்? நீதியைப் போதிக்க முடியுமா என்ற பெரிய வழக்கை நாம் இங்கே தொடுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு செயல் நல்லதா தீயதா என்று குழந்தை தானே யோசித்து, தன் எண்ணத்துக்குக் காரணம் சொல்லி, அடுத்த குழந்தை மறுத்தால் அதையும் காது கொடுத்துக் கேட்டு, வேண்டுமானால் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்க முடியும். அதற்கு உபகாரமாயிருக்கும் ஒரு சாதனத்தைப் பற்றியே இந்த வாரம் சொல்ல வந்தோம். அது, சொல்லே இல்லாத சித்திரக் கதை.

ஏதோ மேனாட்டுப் புதுமை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது பழக்கமான பண்டம்தான். ஆனந்த விகடனில் ஓவியர் கோபுலு வரைந்த, வார்த்தை ஒன்றுகூட இல்லாத சிரிப்புச் சித்திரங்களைத் தேடிப் பத்திரிகையைப் புரட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1987இல் சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்த 'பேசும் பட'த்தில் யாரும் பேசவே இல்லை. வேலையற்ற வாலிபன் ஒருவன், குடிமயக்கத்தில் கிடந்த பணக்காரனைத் தன் அறையில் கட்டிப் போட்டுவிட்டு, அவனுடைய ஹோட்டல் அறையில் போய்ச் சுகமாக வாழ்கிறான். செய்தது சரியா, அவன் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்வோம் என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலையைப் பார்த்தவர்களிடம் விட்டுவிட்டது.

இந்தச் சாதனம் எங்கே மிகவும் தேவைப்படும் என்று யோசித்தபோது, நீலகிரி மலையில் உள்ள எமரால்டு என்னும் ஊர் நம் நினைவுக்கு வந்தது. உதகமண்டலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் அந்த ஊரும் அதன் நீர்த்தேக்கமும் வரும். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசம் உதவ, 1950களில் தொடங்கப்பட்ட குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தது அந்த நீர்த்தேக்கம். அவலாஞ்சி அதன் உடன்பிறப்பு. சரிவெல்லாம் தேயிலை, தாழ்ந்த இடங்களில் காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதுதான் சமவெளியில் பலர் இப்பக்கத்துப் பெயர்களைக் கேட்டார்கள்.

ஆனால் நாம் சொல்ல வந்தது மழையைப் பற்றி அல்ல, இப்பக்கத்துப் பள்ளிக்கூட பெஞ்சுகளைப் பற்றி. இத்தலார் போன்ற ஹட்டிகளிலிருந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகளின் தாய்மொழி படுகம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அதைப் பேசுவோர் சுமார் 1,33,000 பேர். ஆனால் பாடப் புத்தகம் அம்மொழியில் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் சந்ததியார் நீலகிரி எங்கும் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எண்ணிப் பிரித்தது. அவர்களுக்காக 1968இல் இம்மலையில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் பிறந்தது. அண்மைக் காலத்தில் ஜார்க்கண்டு, அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்த குடும்பங்களும் நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கின்றன. இத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், புத்தகத் தமிழைச் சரளமாக வாசிக்கும் பிள்ளைதான் பேசும். மற்றவை வாய் திறவா. வாய் திறவாத பிள்ளைக்கு அபிப்பிராயம் இல்லை என்று உபாத்தியாயரும் நாளடைவில் நம்பிவிடுவார். சொல்லில்லாப் புத்தகத்தை விரித்து வைத்தால் இந்த ஏற்றத்தாழ்வில் பாதியாவது கரைந்து போகிறது. அதை வாசிக்கத் தெரியாதவர் என்று யாரும் இல்லை.

இத்தாலியைச் சேர்ந்த லாம்பெடுசா என்ற சிறு தீவில், ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் அகதிகள் படகு படகாக வந்து இறங்கினார்கள். அத்தீவின் குழந்தைகளும் வந்த குழந்தைகளும் சேர்ந்து படிக்க, சர்வதேசக் குழந்தை நூல் சங்கம் 2012இல் உலகெங்கிலுமிருந்து சொல்லில்லாப் புத்தகங்களையே திரட்ட ஆரம்பித்ததற்கும் காரணம் இதுதான்.

இப்பொழுது ஒரு புத்தகத்தைத் திறப்போம். அமெரிக்கச் சித்திரக்காரர் மெர்ஸர் மேயர் 1969இல் வெளியிட்டது. பெயர் மட்டும் உண்டு: 'தவளையே, நீ எங்கே?' உள்ளே எழுத்தே கிடையாது. ஒரு பையன் கண்ணாடி ஜாடியில் தவளை ஒன்றை வைத்திருக்கிறான். அவனும் அவன் நாயும் உறங்கும்போது தவளை மெல்ல வெளியேறிவிடுகிறது. விடிந்ததும் தேடல். நாய் ஜன்னலிலிருந்து விழுகிறது; தேன்கூடு கலைகிறது; ஆந்தை விரட்டுகிறது; மரக்கிளை என்று எண்ணிப் பையன் பற்றியது மானின் கொம்பாகப் போகவே, அவன் குட்டைக்குள் தள்ளப்படுகிறான். கடைசியில் ஒரு மரக்கட்டையின் பின்னால் தவளை அகப்படுகிறது. தன் ஜோடியுடனும் ஒரு கூட்டம் குஞ்சுகளுடனும். பையன் ஒரு தவளையைக் கையில் ஏந்தி, மற்றவற்றுக்குக் கையசைத்து விடைபெறுகிறான். கதை முடிந்தது. குழந்தைகள் கதை சொல்லும் விதத்தை ஆராய, உலகின் எத்தனையோ மொழிகளில் பண்டிதர்கள் இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மொழி ஆராய்ச்சியை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அந்தக் கடைசிச் சித்திரம்.

எமரால்டில் ஒரு ஐந்தாம் வகுப்பில் இந்தப் புத்தகம் விரிக்கப்பட்டிருப்பதாக வாசகர்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். இது நம் கற்பனைதான். ஆனால் குழந்தைகளோடு பழகியவர்களுக்கு மிகையாகத் தோன்றாது.

"தொலைந்த தவளை கிடைத்துவிட்டது" என்று முதல் பெஞ்சு சொல்லும். அத்துடன் கதை தீர்ந்தது என்று எல்லாரும் ஒரு கணம் நினைப்பார்கள். பிறகு ஒரு குரல்: "கையில் இருப்பது அந்தத் தவளையே இல்லை டீச்சர், சின்னது. குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறான்." உடனே இருபது தலைகள் புத்தகத்தின் மேல் கவியும். குஞ்சா, பெரியதா? குஞ்சு என்றால் தாயிடமிருந்து பிரித்துவிட்டான். பெரியதுதான் என்றால், குஞ்சுகளிடமிருந்து தகப்பனையோ தாயையோ பிரித்துவிட்டான். "அது அவன் வளர்த்த தவளை, அவனுக்குத்தான் சொந்தம்" என்பான் ஒருவன். "வளர்த்தானா, அடைத்து வைத்தானா? முதல் படத்தைப் பார்" என்பாள் மற்றொருத்தி. "உட்கார்ந்திருக்கும் தவளைகள் ஒன்றும் அழவில்லையே, அவையே கொடுத்திருக்கலாம்." "தவளை அழுதால் உனக்குத் தெரியுமா?" அதுவரை பேசாதிருந்த ஒரு பிள்ளை, பேச்சு வராமல், எழுந்து வந்து, ஜாடியிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து இறங்கும் தவளையின் சித்திரத்தில் விரலை வைக்கும். தானாகவே போயிற்று, யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. அந்த ஒரு விரல் அன்றைய வாதத்தைத் திருப்பிவிடும்.

சொந்தம் என்றால் என்ன, அன்பு வைத்தவன் அடைத்தும் வைக்கலாமா, வாயில்லாத பிராணியின் சம்மதத்தை எப்படி அறிவது என்று மூன்று பெரிய கேள்விகள் அரைமணி நேரத்தில் வந்துவிட்டன. இவற்றுள் எதையும் உபாத்தியாயர் கேட்கவில்லை. இதே கதையின் அடியில் 'பிராணிகளிடம் தயை காட்டுக' என்று ஒரு வரி இருந்திருந்தால், வகுப்பு முழுவதும் அதற்குத் தலையாட்டிவிட்டு மணியடிக்கக் காத்திருக்கும்.

சொல் இல்லாததால் இதெல்லாம் எப்படி நேர்கிறது? ஜெனீவாவில் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே என்ற அறிஞர் 1932இல் குழந்தைகளின் நீதியுணர்ச்சியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் ஜோடிக் கதை பிரசித்தமானது. சாப்பிட வரும்படி அழைத்ததால் கதவைத் திறந்த ஒரு பையன், கதவுக்குப் பின்னால் இருந்ததை அறியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிட்டான். இன்னொருவன், தாயார் இல்லாத சமயத்தில் அலமாரியில் இருந்த பழப்பாகைத் திருட ஏறி, ஒரு கோப்பையை உடைத்தான். யார் செய்தது பெரிய குற்றம்? சிறு குழந்தைகள் பலரும் '15 உடைத்தவன்தான்' என்றார்கள். சேதத்தைக் கணக்கிட்டார்களேயன்றி எண்ணத்தைக் கணக்கிடவில்லை. வயது ஏற ஏற, கருத்து உள்ளே திரும்புகிறது என்றார் பியாஜே.

நிற்க. பின்னால் வந்தவர்கள் இதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார்கள். 1973இல் சாண்ட்லரும் அவருடைய சகாக்களும் இத்தகைய கதைகளை வாயால் சொல்வதோடு, நாடகமாக நடித்துப் படம் பிடித்தும் சிறுவர்களுக்குக் காட்டினார்கள். காதால் கேட்ட ஏழு வயதுக் குழந்தைகள் சேதத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள்; கண்ணால் கண்ட அதே வயதினர் எண்ணத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். 1980இல் நெல்சன் என்பவர், பந்து எறியும் ஒரு பையனைப் பற்றிய சிறு கதைகளை மூன்று வயதுக் குழந்தைகளுக்குச் சித்திரத்துடன் சொன்னார். எறிந்தவனின் எண்ணம் சித்திரத்தில் தெளிவாகத் தெரிந்தபோது, அந்த வயதிலேயே அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே குறை குழந்தையின் மனத்தில் மட்டும் இல்லை. நாம் சொல்லும் முறையிலும் பாதி இருந்திருக்கிறது.

சொல்லில்லாக் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது எண்ணத்தை எழுதிக் காட்டுவதில்லை. முகத்திலும் கையிலும் நிற்கும் தோரணையிலும் மறைத்து வைக்கிறது. குழந்தை அதைத் தேடி எடுக்க வேண்டும். அடுத்த குழந்தை அதே முகத்தில் வேறொன்றைக் கண்டெடுக்கும். இரண்டும் மோதும்போது, 'நான் அப்படித்தான் சொல்வேன்' என்று ஒருவரும் தப்ப முடியாது; சித்திரத்தைத் தொட்டுக் காட்டித்தான் ஆகவேண்டும். பெரியவர்களின் அதிகாரத்தைவிடச் சம வயதுத் தோழர்களின் வாதமே நீதியுணர்ச்சியை வளர்க்கிறது என்று பியாஜே அழுத்திச் சொன்னதற்கு நல்ல உதாரணம் இதைவிடக் கிடைக்காது.

உபாத்தியாயருக்கு இதில் என்ன வேலை? மிகக் கடினமான வேலை: வாயை மூடிக்கொண்டிருப்பது. நியூயார்க் நவீனக் கலைக் கூடத்தில் பணியாற்றிய பிலிப் யெனவைனும், அபிகெயில் ஹௌஸன் என்ற ஆராய்ச்சியாளரும் சித்திரம் பார்ப்பதற்கு மூன்றே கேள்விகளை வகுத்தார்கள். இந்தச் சித்திரத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன காண்கிறோம்? நடுக் கேள்விதான் உயிர். அதைக் கேட்டுவிட்டு, குழந்தை சொன்னதை மாற்றாமல் திருப்பிச் சொல்லி, எதிர்க் கட்சியை அழைக்க வேண்டும். 'சபாஷ்' என்று ஒரு பக்கத்துக்குச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடும். மீதிப் பேர் நீதிபதியின் முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்ல ஆரம்பிப்பார்கள். பாடம் முடியும் தறுவாயில் 'ஆகவே குழந்தைகளே...' என்று தொடங்காமலிருப்பதற்கு ஒரு தவமே வேண்டும்.

இதில் ஆபத்துகளும் உண்டு. ஓங்கிய குரலுள்ள பிள்ளை சொன்னதே தீர்ப்பாகிவிடக்கூடும். 'எல்லார் சொல்வதும் சரிதான்' என்று கைகழுவும் உபாத்தியாயரும் இருப்பார். அது மௌனத்தைவிட மோசம். சில தீர்ப்புகள் மற்றவற்றைவிட நல்ல ஆதாரம் உள்ளவை என்பதைக் குழந்தைகள் உணரத்தான் இந்தப் பாடே. மேலும், சித்திரம் உலகப் பொதுமொழி என்று மேடையில் முழங்குகிறார்களே, அது முழு உண்மையன்று. கனடாவைச் சேர்ந்த லாஸன் கதையமைக்க ஸிட்னி ஸ்மித் வரைந்து 2015இல் வந்த ஓர் அழகிய புத்தகத்தில், சிறுமி ஒருத்தி தன் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நகரத்துத் தெருவில் நடக்கிறாள். நடைபாதை இடுக்குகளில் பூத்த பூக்களைப் பறிக்கிறாள். செத்துக் கிடக்கும் பறவைக்கு ஒன்று, பெஞ்சில் படுத்திருக்கும் மனிதருக்கு ஒன்று, நாயின் கழுத்துப் பட்டையில் ஒன்று. தகப்பனார் தொலைபேசியில் பேசிக்கொண்டே வருகிறார். பெஞ்சில் படுத்திருப்பவர் வீடற்ற ஏழை என்று கனடாக் குழந்தைக்குப் பார்த்ததும் தோன்றலாம். நம் பிள்ளைகளோ, 'மத்தியான்னச் சாப்பாடு ஆனதும் தாத்தா தூங்குகிறார்' என்பார்கள்! அதனால் பாதகமில்லை, ஏன் அப்படித் தோன்றிற்று என்று கேட்டால் அதுவே ஒரு நல்ல பாடமாகும். ஏழை என்றே வைத்துக்கொண்டாலும், பசித்தவனுக்குப் பூ எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும்.

உயர் வகுப்புகளுக்கு ஷான் டான் என்ற ஆஸ்திரேலியச் சித்திரக்காரர் 2006இல் வெளியிட்ட, குடிபெயர்ந்தவன் கதையைச் சிபாரிசு செய்வோம். மனைவியையும் மகளையும் விட்டுக் கப்பலேறும் ஒருவன், எழுத்தும் உணவும் பிராணிகளும் விநோதமாயுள்ள தேசத்தில் இறங்குகிறான். அந்நகரத்துப் பலகைகளில் உள்ள எழுத்து சித்திரக்காரர் கற்பித்தது. நம்மாலும் வாசிக்க முடியாது. கப்பலேறித் தலைமன்னாரிலிருந்து வந்திறங்கியவர்களின் பேரப் பிள்ளைகளும், ஜார்க்கண்டிலிருந்து போன வருஷம் வந்த பிள்ளையும், இவ்விடத்து ஹட்டியிலேயே பிறந்த பிள்ளையும் சேர்ந்து அதைப் புரட்டினால், வந்தவனுக்கு வழி காட்டுவது யார் கடமை என்ற கேள்வி புத்தகத்தைத் தாண்டிப் பெஞ்சுக்கே வந்துவிடும். வெளியார், உள்ளூரார் என்ற பேச்சு வீடுகளில் எப்படி நடக்கிறது என்பதைக் குழந்தைகள் அறிவார்கள். அதைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

விலை கொடுத்து வாங்க இயலாதே என்பார்கள் சிலர். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தின் படம் ஒன்று போதுமே! முனிவர் ஒற்றைக் காலில் தவம் புரிய, கீழே ஒரு பூனையும் கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. எலிகள் சுற்றி நிற்கின்றன. பூனை வேஷதாரியா, மெய்யாகவே திருந்திவிட்டதா? எலிகள் பக்தர்களா, ஏமாளிகளா? மேலே நிற்பவர் அர்ஜுனனா, பகீரதனா என்பதிலேயே அறிஞர்கள் இன்றளவும் ஒத்துப் போகவில்லை. கல்லில் பெயர் வெட்டாமல் விட்ட பல்லவச் சிற்பி 1,300 வருஷமாக நம்மைப் பேச வைத்திருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் காலச் சுவரோவியங்களில், சுந்தரர் திருமணத்தை ஒரு கிழவர் தடுத்து, 'இவன் என் அடிமை' என்று ஓலையை நீட்டும் வழக்கு இருக்கிறது. பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனைக் கட்டுமா என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

உபாத்தியாயரே வரைந்தாலும் குற்றமில்லை; கோணல் மாணலாக இருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் உற்சாகம். எமரால்டுக்கென்று நாம் ஒரு கதை சொல்கிறோம். நாலு கட்டம். முதல் கட்டத்தில் விடியற்காலை. மிதிபட்டுக் கிடக்கும் காரட் தோட்டம். தலையில் கை வைத்த கணவனும் மனைவியும். மண்ணில் காட்டெருமையின் குளம்புத் தடம். இரண்டாவதில் அவன் வேலியில் கம்பி கட்டுகிறான். மனைவி அவன் கையைப் பிடிக்கிறாள். தடுக்கிறாளா, உதவுகிறாளா என்பது தெரியாதபடி வரைய வேண்டும். மூன்றாவதில் இரவு, தாய்க் காட்டெருமையும் கன்றும் வேலியருகே, தூரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். காரட்டை நம்பி வாங்கிய கடனைப் பற்றி ஒரு பிள்ளை பேசும்; கன்றைப் பற்றி ஒரு பிள்ளை பேசும்; பார்த்துக்கொண்டே இருந்த பையனும் குற்றவாளிதானா என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். ஒவ்வொருவரும் தம் கட்டத்தை வரைந்த பிறகு, காகிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் ஒட்டி, மறுபடி ஒரு சுற்றுப் பார்க்கலாம்.

வீடுகளில் செய்வது இன்னும் சுலபம். பத்திரிகையில் வரும் சித்திரத்தின் கீழே உள்ள வரிகளை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பின் குழந்தைகளின் நடுவில் வைக்க வேண்டியதுதான். எழுத்து வாசனை அறியாத பாட்டி வீட்டில் இருந்தால், அவரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.